அழிச்சுட்டா பாதுகாப்பு வந்துருமா? விமான நிலையத்த சுத்தி காவல் பாக்குற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு உள்ளயும் வெளியயும் பாதுகாப்புக்கு பொறுப்பா இருக்குற எல்லா அதிகாரிகளுக்கும்,

நேரா விஷயத்துக்கு வரேன். பொது ரோட்டுல நின்னு விமானத்த போட்டோ எடுத்தவன் கையில இருந்து கேமராவ வாங்கி, கார்டை ஃபார்மட் பண்ணிட்டு, "இதோட விடுறோம்னு சந்தோஷப்பட்டுக்கோ"ன்னு அனுப்பி வைக்கிறதுக்கு எந்த சட்டத்துல இடம் இருக்கு? ரொம்ப நாளா நேர்லயும் கேட்டு பாத்துட்டேன், போன்லயும் கேட்டு பாத்துட்டேன். ஒருத்தர் "செக்யூரிட்டி"ங்கறாரு, இன்னொருத்தர் "மேலிடத்து உத்தரவு"ங்கறாரு, அந்த உத்தரவ ஒரு தாள்ல கண்ணுல காட்டுங்க சார்னா மொறைக்கிறாங்க. அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

நான் பல்லாவரம் பக்கம் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்துன்னு படம் எடுத்து பொழைக்கிறவன். விமானம் எடுக்குறது சொந்த ஆசைக்கு. எங்கள மாதிரி ஆளுங்க இந்த ஊர்ல நெறைய பேரு இருக்கோம். வடகிழக்கு பருவக்காத்து அடிக்கிற மாசத்துல விமானம் எல்லாம் மேற்கால இருந்து, அனகாபுத்தூர் பம்மல் மொட்டமாடிங்க மேல தாழ வந்து 07 ஓடுபாதைல எறங்கும், அப்ப பொழிச்சலூர், கவுல் பஜார் பக்கம் நிப்போம். காத்து திரும்புச்சுன்னா நாங்களும் அந்தப்பக்கம் போயிருவோம். எது வருது, உடம்புல எழுதிருக்குற விடி நம்பர், அதாவது இந்திய விமானத்தோட பதிவு எண் என்ன, புது பெயிண்டா பழைய பெயிண்டான்னு பாத்து எழுதி வைக்கிறதுதான் எங்களுக்கு சந்தோஷம். இதுல என்னடா இருக்குன்னு எங்க வீட்லயே கேக்குறாங்க, உங்களுக்கு புரியலன்னா தப்பில்ல. புரியாததெல்லாம் குத்தம் ஆயிடாது, அவ்ளோதான்.

போன மழ முடிஞ்சு வானம் வெளுத்த ஒரு ஞாயித்துக்கிழம காலைல நடந்தத சொல்றேன். எந்த இடம், எந்த பிரிவு ஆளுங்கன்னு நான் எழுதல, ஏன்னா ஒருத்தர மாட்டி விடணும்னு இந்த மடல் இல்ல. காம்பவுண்ட் சுவருக்கு வெளிய, பஸ்சும் ஷேர் ஆட்டோவும் ஓடுற ரோடு, பக்கத்துல டீக்கடை, பசங்கள தோள்ல தூக்கி வச்சுகிட்டு ஃப்ளைட் காட்டிட்டு இருந்த அப்பாங்க நாலஞ்சு பேரு, எல்லார் கையிலயும் போன், எல்லாரும் வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. நானும் கூட வந்த தம்பியும் மட்டும்தான் பெரிய லென்ஸ் வச்சிருந்தோம். சீருடைல ரெண்டு பேரு, மப்டில ஒருத்தர், நேரா எங்ககிட்டதான் வந்தாங்க.

"என்னடா எடுக்குற?"

"ஃப்ளைட் சார்."

"எதுக்கு?"

"ஹாபி சார்."

"ஹாபியா? யாருக்குடா அனுப்புற?"

அதுக்கப்பறம் போன் லாக்க எடுக்க சொன்னாங்க, எடுத்தேன், பயம்தான். கேலரிய ஒருத்தர் விரலால தள்ளிகிட்டே போறாரு, என் வீட்டுக்காரம்மா போட்டோ, பாப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட், அம்மாவோட பேங்க் பாஸ்புக்கு, எல்லாத்தையும் நடு ரோட்டுல நின்னு பாக்குறாரு. தம்பிகிட்ட பேரு கேட்டாங்க. அவன் பேர சொன்னதும் குரல் மாறுச்சு. எனக்கு கேக்காத கேள்வி எல்லாம் அவனுக்கு கேட்டாங்க, சொந்த ஊரு எது, அப்பா என்ன பண்றாரு, எந்த தெருவுல வீடு, வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு. ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல ஒரே விமானத்ததான் எடுத்தோம். அவன் அதுக்கப்பறம் எங்ககூட வரவே இல்ல, கேமராவயும் வித்துட்டான். என் கார்டு போனத விட இதுதான் எனக்கு இன்னும் ஆறல.

கார்டு விஷயத்துக்கு வரேன். அதுல முந்தின நாள் எடுத்த வளைகாப்பு படம் அத்தனையும் இருந்துச்சு. "சார், ஃப்ளைட் படத்த மட்டும் எடுத்துடறேன், மத்தது ஒரு குடும்பத்தோட விசேஷம் சார்"னு கெஞ்சுனேன். "அதெல்லாம் ஒவ்வொன்னா பாத்துட்டு நிக்க முடியாது, ஃபார்மட் எங்க இருக்குன்னு காட்டு"ன்னாரு. மெனுவ நான்தான் தொறந்து குடுக்க வேண்டியதாச்சு. எல்லா டேட்டாவும் போயிடும், சரியான்னு ஸ்க்ரீன்ல கேக்குது. கேமராவுக்கே ஒரு நிமிஷம் நின்னு கேக்கணும்னு தோணிருக்கு, அவரு கட்ட விரல் நிக்கல.

இப்ப இத கவனமா படிங்க. வீட்டுக்கு வந்து கார்ட கம்ப்யூட்டர்ல சொருகி ரெகவரி சாஃப்ட்வேர் ஓட விட்டேன். கேமராவுல ஃபார்மட் பண்ணா படம் எங்கயும் போயிடறதில்ல, எந்த படம் எங்க இருக்குங்கற அட்டவணைதான் காலியாகும், அதுக்கு மேல வேற படம் எழுதாத வரைக்கும் அடில எல்லாம் அப்படியே கெடக்கும், எங்க தொழில்ல இருக்குற சின்ன பையனுக்கும் இது தெரியும். ராத்திரி பூரா ஓடுச்சு. கை நெறைய வளையலோட உக்காந்துருக்குற பொண்ணும் திரும்பி வந்துச்சு, அதுக்கு அடுத்தாப்லயே சக்கரத்த கீழ விட்டுகிட்டு எறங்குற ஏ320ம் திரும்பி வந்துச்சு. ஒன்னு விடாம. அந்த ஒரு ராத்திரி நான் பட்ட பாடு, அந்த குடும்பத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம முழிச்சது, அது வேற கதை. ஆனா உங்க பக்கத்துல இருந்து யோசிச்சு பாருங்க. நான் நெசமாவே ஒரு உளவாளியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? உளவாளிய கையில பிடிச்சு, அவன் எடுத்த படத்துக்கு ஒரு காப்பி கூட இல்லாம, அவன் கார்டையும் அவன் கையிலயே குடுத்து, பத்திரமா வீட்டுக்கு அனுப்பி வச்சிருப்பீங்க. அவன் நைட்டு உக்காந்து எல்லாத்தையும் திரும்ப எடுத்துருப்பான்.

நான் எடுத்தது குத்தம்னா அந்த படம்தான் ஆதாரம், ஆதாரத்த அழிக்க உங்களுக்கு உரிமை கெடையாது. கோர்ட்டுல ஆதாரமா காட்ட வேண்டிய மின்னணு பதிவ காட்ட விடாம அழிக்கிறதே தனி குத்தம், புது தண்டனை சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 241வது பிரிவ எடுத்து பாருங்க. நான் எடுத்தது குத்தம் இல்லன்னா அது என் சொத்து, அப்பவும் தொட உரிமை கெடையாது. ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்த ஃபார்மட் பட்டன அழுத்துறதுக்கு சட்டத்துல எடம் இல்ல. சந்தேகம் இருந்தா என்ன செய்யணும்னு தெளிவா எழுதி வச்சிருக்காங்க. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைல இருக்குற பிஎன்எஸ்எஸ், அதாவது புது குற்ற நடைமுறை சட்டத்தோட 106வது பிரிவுப்படி பொருள கைப்பத்தலாம், கைப்பத்துனா மேஜிஸ்ட்ரேட்டுக்கு தகவல் போகணும். 105வது பிரிவுப்படி தேடுறதையும் கைப்பத்துறதையும் வீடியோவா பதிவு பண்ணணும். அதாவது நீங்க என் கேமராவ வாங்குறப்ப படம் பிடிச்சே ஆகணும்னு சட்டமே சொல்லுது, நாங்க அன்னிக்கு போன தூக்குனப்ப மட்டும் "வீடியோ எடுக்குறியா"ன்னு கைய தட்டி விட்டாங்க. கைப்பத்துனதுக்கு மகஜர் கெடையாது, ஸ்டேஷன்ல குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது கெடையாது, ஒரு துண்டு சீட்டு கெடையாது. ஒரு நோட்டுல எங்க பேரு, அட்ரஸ், போன் நம்பர் மட்டும் எழுதிகிட்டாங்க. அந்த நோட்டு இப்ப யார்கிட்ட இருக்கு, எதுக்கு இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

"விமான நிலையத்துல போட்டோ எடுக்க கூடாதுன்னு ரூல் இருக்குப்பா"ன்னு சொல்வீங்க. இருக்கு, நான் படிச்சிருக்கேன். 1937ம் வருஷத்து விமான விதிகள்ல 13வது விதி. அரசு விமான நிலையத்துல வச்சோ, பறக்குற விமானத்துல இருந்தோ, எழுத்துல அனுமதி இல்லாம படம் எடுக்க கூடாதுங்குது, விமான போக்குவரத்து தலைமை இயக்குநர் நெனச்சா தளர்த்தலாம்னும் அதே விதி சொல்லுது. வெள்ளக்காரன் காலத்துல எழுதுனது. 1934ம் வருஷத்து விமான சட்டத்தையே மாத்தி 2025 ஜனவரி 1ல இருந்து பாரதிய வாயுயான் அதினியம் வந்தாச்சு. சரி, விதி விதிதான். ஆனா அது சொல்றது விமான நிலையத்துல, சுவருக்கு வெளிய மாநகராட்சி குப்ப வண்டி போற ரோட்டுல இல்ல. பறக்குற விமானத்துக்குள்ள படம் எடுக்குறதையே பயணிகளுக்கு அனுமதிச்சு வச்சிருக்கறதா 2020 செப்டம்பர்ல டிஜிசிஏ, அதாவது அந்த தலைமை இயக்குநரோட அலுவலகமே தெளிவா சொல்லிருச்சு, விமானம் ஏறும்போதும் எறங்கும்போதும் எடுக்கலாம், விமான ஓட்டத்துக்கோ பாதுகாப்புக்கோ எடஞ்சல் பண்ண கூடாது, அவ்ளோதான். ஆக ஜன்னல் சீட்டுல உக்காந்து ஓடுபாதையவே வீடியோ எடுக்குறவன் பயணி, அந்த விமானம் தலைக்கு மேல போறப்ப கீழ நின்னு எடுக்குறவன் உளவாளி. என்ன சார் கணக்கு இது?

அதிகாரபூர்வ ரகசிய சட்டம்னு பயமுறுத்துனது இன்னொன்னு. 1923ம் வருஷத்து அந்த சட்டத்துல தடை செய்யப்பட்ட இடம்னா எதுன்னு ஒரு பட்டியலே இருக்கு, ராணுவம், கடற்படை, விமானப்படை சம்பந்தப்பட்ட இடங்க, மத்திய அரசு தனியா அறிவிக்கிற இடங்க. போலீஸ் ஸ்டேஷனே அந்த பட்டியல்ல வராது, அங்க வீடியோ எடுத்ததுக்கு அந்த சட்டத்துல கேஸ் போட முடியாதுன்னு பம்பாய் ஹைகோர்ட் 2022ல சொல்லிருச்சு. மீனம்பாக்கத்துலயே கடலோர காவல் படையோட விமான தளம் இருக்கு, ஒத்துக்கறேன், அந்த பக்கம் லென்ஸ திருப்பாதன்னு சொன்னா திருப்ப மாட்டோம், சொல்லணும்ல? "அது இருக்குற திசைல எடுக்காத, இது ஓகே"ன்னு ஒரு தடவ யாராவது சொல்லிருந்தா இந்த மடலுக்கே வேல இல்ல.

ரகசியம்னு எத காக்குறீங்கன்னுதான் எனக்கு புரியல. பரங்கிமலை மேல சர்ச்சுக்கு போறவங்க எல்லாம் பின்னாடி ஓடுபாதை தெரிய செல்ஃபி எடுக்குறாங்க. சாட்டிலைட் மேப்புல நம்ம விமான நிலையத்தோட விமானம் ஊர்ந்து போற ஒவ்வொரு டாக்ஸிவேயும், சுத்தி இருக்குற வீட்டு கூரையும் தெரியுது. ஓடுபாதை எவ்ளோ நீளம், எந்த இடத்துல ஆரம்பிக்குது, விமானம் எந்த உயரத்துல எந்த வழியா வரணும்னு வரைபடம் போட்டு விமான நிலைய ஆணையமே உலகத்துக்கே வெளியிடுது, ஏன்னா விமானிகளுக்கு அது வேணும். எந்த விமானம் இப்ப எங்க பறக்குதுன்னு ஃபிளைட்ரேடார்24ல ஸ்கூல் பையன் பாக்குறான். 2024 அக்டோபர் 6ம் தேதி மெரினால விமானப்படை சாகசம் நடந்தப்ப ரபேல், சுகோய், தேஜஸ்னு போர் விமானத்தயே லட்சக்கணக்குல ஜனங்க படம் எடுத்தாங்க, நானும் அதே லென்ஸோட அங்க நின்னேன், பந்தோபஸ்துக்கு நின்ன ஒரு போலீஸ்காரர் என் ஸ்க்ரீன்ல எட்டி பாத்து "சூப்பரா வந்துருக்கு தம்பி, அனுப்பி விடு"ன்னாரு. போர் விமானம் எடுத்தா சூப்பரு, பயணிங்க போற விமானம் எடுத்தா தேச துரோகமா?

இதுல லென்ஸ் சைஸ்தான் பிரச்சனைன்னு எனக்கு ஒரு சந்தேகம். பீரங்கி மாதிரி நீட்டிகிட்டு இருக்கறதால கண்ணுக்கு மொதல்ல படுறது நாங்கதான். பாக்கெட்ல இருக்குற போன்லயே இப்ப 100 மடங்கு ஜூம் வந்தாச்சு. நெசமா வேவு பாக்க வந்தவன் எல்லாரும் பாக்குற மாதிரி ரோட்டோரம் ட்ரைபாட் நிறுத்தி, டீ வாங்கி குடிச்சுகிட்டு, வர்ற போற போலீஸ்காரருக்கு வணக்கம் வச்சுகிட்டு நிப்பானா?

உங்க வேல சுலபம்னு நான் சொல்ல வரல. 2025 மே மாசம் எல்லைல பதட்டமா இருந்தப்ப, ராணுவ விமான தளங்கள்ல எறங்குற ஏறுற விமானத்துல ஜன்னல் திரைய மூடணும், படம் எடுக்க கூடாதுன்னு டிஜிசிஏ உத்தரவு போட்டுச்சு. எங்க வாட்ஸப் குரூப்புல யாரும் வாக்குவாதம் பண்ணல, சென்னை அந்த பட்டியல்ல வராதுன்னு தெரிஞ்சும் கொஞ்ச நாளைக்கு கேமராவ உள்ள வைப்போம்னு நாங்களே முடிவு பண்ணோம். ட்ரோன் விடுறது வேற, எறங்குற விமானத்து மேல லேசர் அடிக்கிறது வேற. 2025ல சென்னைல எறங்க வந்த விமானங்க மேல லேசர் அடிச்சாங்களே, அது விமானியோட கண்ண கூசி நூத்துக்கணக்கான பேரு உயிருக்கு ஆபத்து. அதெல்லாம் செய்றவன பிடிச்சு உள்ள தள்ளுங்க, நாங்களே கைய தட்டுவோம். சும்மா நின்னு எடுக்குறவனையும் அதே மூட்டைல கட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொன்னும் உங்க காதுல போடணும். சுவர சுத்தி தெனம் கண்ணு வச்சுட்டு நிக்கிறவங்க நாங்க. எந்த நேரத்துக்கு என்ன வரும்னு தெரியும், அந்த தெருவுல வழக்கமா நிக்காத வண்டி நின்னா தெரியும், எந்த காலி மனைல கறிக்கட கழிவ கொட்டுறாங்கன்னு தெரியும். விமான நிலையத்த சுத்தி 10 கிலோமீட்டருக்குள்ள பறவை கூடுற மாதிரி கழிவ கொட்ட கூடாதுன்னு அதே விமான விதிகள்ல 91வது விதி இருக்கே, அத யாரு பாக்குறா? எங்க படத்துல விமானத்துக்கு பக்கத்துலயே பருந்து பறக்குறது அப்படியே பதிவாகுது. ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு, 2024 நவம்பர் 30, எறங்க வந்த ஒரு விமானம் ஓடுபாதைகிட்ட காத்துல தள்ளாடி திரும்ப மேல ஏறுன வீடியோவ நாடே பாத்துச்சே, யாரோ ஒருத்தர் கேமராவ தூக்கிட்டு நின்னதாலதான் பாத்துச்சு. லண்டன் ஹீத்ரோ பக்கத்துல மிர்டில் அவென்யூன்னு ஒரு புல்வெளில ஜனங்க குடும்பத்தோட உக்காந்து படம் எடுக்குறாங்க, மான்செஸ்டர்ல விமான நிலையத்துக்காரங்களே பார்க் கட்டி விட்டுருக்காங்க. அவங்களுக்கு தீவிரவாத பயம் இல்லயா? நம்ம நாட்டுல 2010ல டெல்லில ரெண்டு பிரிட்டிஷ்காரங்கள விமானம் பாத்து குறிப்பு எடுத்ததுக்கு பிடிச்சு, மாசக்கணக்குல கேஸ்னு அலைய வச்சு, கடைசில அபராதம் கட்ட சொல்லி அனுப்புனாங்க. அதுக்கப்பறமாவது ஒரு தெளிவான வழிமுறை வந்துருக்க வேணாமா?

சரி, எனக்கு என்ன வேணும்னு சொல்லிடறேன்.

மொதல்ல, கார்டையோ போனையோ அழிக்கிற ஃபார்மட் பண்ற வேலைய இன்னையோட நிறுத்தணும், எந்த பிரிவா இருந்தாலும், எந்த ரேங்கா இருந்தாலும். சந்தேகம்னா முறைப்படி மகஜர் எழுதி, வீடியோ பதிவு பண்ணி, ரசீது குடுத்து கைப்பத்துங்க, மேஜிஸ்ட்ரேட்டுகிட்ட கொண்டு போங்க, நாங்க வந்து பதில் சொல்றோம். சந்தேகம் இல்லன்னா கேமராவ குடுத்துடுங்க. நடுவுல மூணாவது வழின்னு ஒன்னு கெடையாது. இத எல்லா ஷிப்டுக்கும், ராத்திரி ரோந்துக்கும், புதுசா மாத்தல்ல வர்றவங்களுக்கும் தமிழ்ல ஒரு பக்க சுற்றறிக்கையா போடணும், அந்த சுற்றறிக்கைய பொதுமக்களும் பாக்குற மாதிரி வெளியிடணும்.

எங்க எடுக்க கூடாதோ அங்க பலகை வைங்க. "புகைப்படம் எடுக்க தடை"ன்னு மொட்டையா பெயிண்ட்ல எழுதுனா பத்தாது. எந்த விதி, எங்க இருந்து எங்க வரைக்கும், எந்த திசைல, யார்கிட்ட அனுமதி கேக்கணும்னு போடணும். அனுமதிக்கு எழுதி போட்டா குறிப்பிட்ட நாளுக்குள்ள ஆமாவோ இல்லையோ பதில் வரணும்.

அடையாள அட்டைய கேளுங்க, காட்றோம். உங்க பேரையும் நம்பரையும் நீங்களும் சொல்லுங்க. போன் கேலரிய ரோட்டுல வச்சு தொறக்க சொல்லாதீங்க. எங்க பேர நோட்டுல எழுதுனா எதுக்கு எழுதுறீங்க, எவ்ளோ நாள் வச்சிருப்பீங்கன்னு சொல்லுங்க. எல்லார்கிட்டயும் ஒரே கேள்விய கேளுங்க, பேர பொறுத்து கேள்வி மாறுறத உங்க மேலதிகாரி யாராவது ஒருத்தர் கண்காணிக்கணும், அதுக்கு புகார் குடுக்க ஒரு எடம் வேணும்.

ட்ரோன், லேசர், சுவர் ஏறி குதிக்கிறவன், கழிவு கொட்டுறவன், இத எல்லாம் கண்ணால பாத்தா உடனே சொல்ல ஒரு நேரடி நம்பர் குடுங்க. கொளப்பாக்கம் பக்கமோ பொழிச்சலூர் பக்கமோ, சுவர்ல இருந்து நீங்க சொல்ற தூரத்துல, ஒரு எடத்த ஒதுக்குங்க, பதிவு பண்ணிகிட்டு வரணும்னா பதிவு பண்ணிக்கறோம், சிசிடிவி வைக்கணும்னா வைங்க.

இந்த மடலுக்கு பதில எழுத்துல குடுங்க. நான் கேட்டதுல எத செய்ய முடியாதோ அதையும் எழுதுங்க, எந்த விதிப்படி முடியாதுங்கறத அந்த விதி நம்பரோட எழுதுங்க.

இப்படிக்கு,
பல்லாவரத்துல இருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர்